கண்டாக்கையாவைத் தின்ற பிள்ளைகள்

குப்பு வாயைத் திறக்கவில்லை.

அலுமினியக் கரண்டியை அவள் உதட்டில் வைத்து, "ஆ சொல்லும்மா, ஆ..." என்று கெஞ்சினேன். கரண்டியில் பருப்பும் கீரையும் போட்டுக் குழையப் பிசைந்த சோறு. நல்லெண்ணெய் ஒரு சொட்டு விட்டிருந்தேன். எனக்கே எடுத்துத் தின்னலாம்போல இருந்தது. இரண்டு வயதுக் குப்பு உதடுகளை உள்ளே மடித்துக்கொண்டு என்னை முறைத்தாள்.

சரி, அடுத்த பிள்ளை. அதுவும் திறக்கவில்லை. அதற்கடுத்தது முகத்தைப் பாய்க்குள் புதைத்துக்கொண்டது. இரண்டு பாய்களில் வரிசையாக உட்கார்ந்திருந்த இருபது சொச்சம் பிள்ளைகளில் ஒன்றுகூட அன்றைக்கு எனக்கு வாயைக் காட்டவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இங்கே வாய்வரை எட்டியும் உள்ளே போகவில்லை.

எதிரே நாற்காலியில் துரைசாணி உட்கார்ந்திருந்தார். தோட்டத்துப் பெரிய துரையின் மனைவி. வெள்ளைக்கார அம்மா, பூனைக் கண். பக்கத்தில் கண்டாக்கையா நின்றார். மலையில் எங்கள் ஆட்களிடம் வேலை வாங்கும் உத்தியோகத்தர் அவர். காக்கிக் கால்சட்டை, காலுறையாக முழங்கால்வரை மேசோடு, கையில் பிரம்பு, மீசைக்குள் ஒரு சிரிப்பு.

அந்தச் சிரிப்புக்குக் காரணம் உண்டு. பிள்ளைகள் இந்தச் சோற்றைத் தின்பதில்லை, நாய்தான் தின்கிறது என்று துரையிடம் போட்டுக்கொடுத்தவரே அவர்தான். அதைக் கண்ணால் பார்க்கத்தான் துரைசாணி வந்திருந்தார்.

துரைசாணிக்குத் தமிழ் தெரியும். பங்களாச் சமையல்காரரிடம் கற்ற தமிழ். "புள்ளைக்கு இந்தச் சோறு புடிக்கல. வீணாப் போறது" என்றார். முகத்தில் கோபமில்லை, வருத்தம்தான். "அடுத்த வெள்ளிக்கிழமை நான் திரும்பி வர்றது. அப்பவும் தின்னாட்டி, சோறு நிப்பாட்டுறது."

கார் கிளம்பிப் போய், சத்தம் வளைவில் தேய்ந்து மறைந்தது. நான் கரண்டியோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அப்போது குப்பு ஓர் ஏப்பம் விட்டாள். நல்ல நீளமான, வயிறு நிறைந்த ஏப்பம். அதில் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டசம்பலும் மணந்தன.

மூன்று நிற டாக்டர்

அந்த ஏப்பத்தின் கதையைச் சொல்லுமுன் பிள்ளைக்காம்பராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இன்றைய வாசகர்கள் அதை ஏதோ நகரத்துப் பாலர் பாடசாலை என்று நினைத்துக்கொள்வார்கள்.

நோர்வூட்டுக்கும் மஸ்கெலியாவுக்கும் இடையில் இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டம். அம்மாமார் கொழுந்து பறிக்க மலையேறும்போது கைப்பிள்ளைகளையும் தத்தித் தத்தி நடக்கிற பிள்ளைகளையும் விட்டுப்போகும் நீளமான தகர அறைதான் பிள்ளைக்காம்பரா. உத்தரத்தில் சேலைத் தொட்டில்கள், தரையில் பாய்கள், மூலையில் அடுப்பு. நான் எட்டாவதுவரை படித்தவள், மலையில் விழுந்து ஒரு கால் சற்று நொண்டி. இந்த இரண்டும் சேர்ந்துதான் என்னைக் கூடையிலிருந்து பிரித்து அங்கே கொண்டுபோய்விட்டன.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் எந்த நாட்டு ஆட்கள் என்று பெரிய இடத்தில் பெரியவர்கள் வாதாடிக்கொண்டிருந்த காலம். எங்கள் பிள்ளைகள் அந்த வாதத்தில் தலையிடாமல் மூக்கொழுகிக்கொண்டு, பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணியில் முக்கிய ரொட்டியைச் சப்பிக்கொண்டிருந்தன. காலையில் ரொட்டி, சாயம். மாலையில் சாயம், ரொட்டி. நானும் அப்படி வளர்ந்தவள்தான். என் நிறத்துக்கு அந்தச் சாயம்தான் காரணம் என்று இன்றுவரை சொல்லி வருகிறேன்.

இந்த நேரத்தில்தான் தோட்டத்து மருந்துச்சாலைக்குப் புதிதாக ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். எங்களுக்கு டாக்டரய்யா. வந்த வாரமே பிள்ளைகளை நிறுக்க வேண்டும் என்றார். நிறுக்கத் தராசுக்கு எங்கே போவது? கொழுந்து நிறுக்கிற தராசையே கொண்டுவந்து, கூடையில் ஒவ்வொரு பிள்ளையாக வைத்துத் தொங்கவிட்டோம். வழக்கம்போல் தராசோடு கண்டாக்கையாவும் வந்துவிட்டார். கொழுந்தில் ஈரம் இருந்தால் றாத்தல் கழிப்பது அவர் பழக்கம். ஒரு பயல் கூடைக்குள்ளேயே மூத்திரம் போக, கண்டாக்கையா பழக்கதோஷத்தில், "ஈரத்துக்கு ஒரு றாத்தல் கழி" என்று சொல்லிவிட்டார். டாக்டரய்யா சிரித்த சிரிப்பில் கூடையே ஆடியது.

குப்புவைத் தொங்கவிட்டபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை. முள்ளைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், இன்னொரு தடவை முள்ளைப் பார்த்தார்.

"இந்தப் பிள்ளைக்கு மருந்து தேவையில்லை, ராக்கு. சாப்பாடுதான் தேவை. இப்பிடியே விட்டால் மழைகாலத்துக் காய்ச்சலைத் தாங்காது" என்றார்.

அவர்தான் துரையிடம் பேசி மத்தியானச் சோறு வாங்கித் தந்தவர். சுவரில் ஒரு படமும் ஒட்டினார். மூன்று வட்டம், மூன்று நிறம்.

"இஞ்சை பார். மஞ்சள் எண்டால் பருப்பு. பச்சை எண்டால் கீரை. சிவப்பு எண்டால் கரட், பீட்ரூட். நாளுக்கு மூண்டு நிறமும் ஒவ்வொரு பிள்ளையின்ரை வயித்துக்குள்ளையும் போக வேணும். ஒண்டு குறைஞ்சாலும் சரிவராது."

நல்ல மனுஷர். ஆனால் ஊருக்குத்தான் உபதேசம். அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகிற பையன் சொல்லித்தான் தெரியும், அவர் தட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் தவிர வேறு எதுவும் ஏறுவதில்லை என்று. மூன்று நிறத்தில் ஒரு நிறம்கூட இல்லை. நான் ஒருநாள் கேட்டும்விட்டேன். "நான் வளர்ந்து முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தோட்டத்துச் சட்டம்

மூன்று நிறமும் வந்தன. பிள்ளைகளின் வயிற்றுக்குள் போவதாகத்தான் இல்லை.

டாக்டரய்யா கொடுத்த கரண்டிகளைப் பிள்ளைகள் தப்படிக்கப் பயன்படுத்தின. பருப்பைத் தலையில் பூசிக்கொண்டன. வல்லாரைக் கீரையைத் தனியாகப் பிரித்தெடுத்துத் துப்புவதில் இரண்டு வயதுக்கு இருக்கிற திறமை வேறு யாருக்கும் கிடையாது. பீட்ரூட் மட்டும் இனிப்பாக இருந்ததால் போனது. மீன் எண்ணெய் கொடுக்கிற நாளில் ஒரு சுற்றுக் கொடுத்து முடிப்பதற்குள் பாதி பாய் நனைந்துவிடும். கண்டாக்கையா எட்டிப் பார்த்து நாய்க்கதையைக் கட்டியது அப்படி ஒரு மீன் எண்ணெய் நாளில்தான்.

ஒருநாள் ஒரு வேடிக்கை கண்டேன். நான் ஊட்டினால் துப்புகிற ஒரு பயல், தன் தட்டில் இருந்த கீரைச் சோற்றை அள்ளிப் பக்கத்துப் பிள்ளையின் வாயில் திணித்தான். அதுவும் மறுபேச்சில்லாமல் விழுங்கியது. பிறகு அது அள்ளி அவன் வாயில் திணித்தது. அவனும் விழுங்கினான். எனக்குப் பொறி தட்டியது. இந்தப் பிள்ளைகளுக்குத் தின்னப் பிடிக்காது. அடுத்தவன் வாயில் அடைக்கப் பிடிக்கும்.

மறுநாள் சோற்றைச் சின்னச் சின்ன உருண்டைகளாகப் பிடித்தேன். வெறும் உருண்டை எத்தனை நாளைக்கு ருசிக்கும்? பெயர் வைத்தேன்.

மஞ்சள் உருண்டை கணக்கப்பிள்ளை. எங்கள் கணக்கப்பிள்ளைக்கு நெற்றி நிறையச் சந்தனம். பச்சை உருண்டை கண்டாக்கையா. நாள் முழுக்கத் தேயிலைக்குள் மறைந்து நின்று, நிமிர்ந்து இடுப்பை ஆற்றிக்கொள்கிற பொம்பிளைகளைக் கையும் களவுமாகப் பிடிக்கிறவர் வேறு என்ன நிறமாக இருக்க முடியும்? சிவப்பு உருண்டை பெரிய துரை. வெயில் பட்டால் அவர் முகம் பீட்ரூட்தான். எப்போதாவது ஒரு முட்டை கிடைத்தால், வெள்ளையும் மஞ்சளுமாகப் பிசைந்த அந்த உருண்டைக்குத் துரைசாணி என்று பெயர்.

சட்டமும் போட்டேன். தோட்டத்தில் துரையைப் பார்க்க வேண்டுமானால் முதலில் கணக்கப்பிள்ளையைப் பார்க்க வேண்டும். அவர் விட்டால் கண்டாக்கையா. அவரும் விட்டால்தான் துரை. நேரே துரையிடம் போக யாருக்கும் வழியில்லை. என் பிள்ளைக்காம்பராவிலும் அதே சட்டம்தான். கணக்கப்பிள்ளையைத் தின்னாமல் கண்டாக்கையா இல்லை. கண்டாக்கையாவை முடிக்காமல் இனிப்பான துரை கிடைக்க மாட்டார்.

பிறகென்ன! மத்தியானம் ஆனால் என் அறையில் தோட்டத்து நிர்வாகம் முழுவதும் சாப்பிடப்பட்டது. ஒரு பிள்ளை உருண்டையை எடுத்துப் பெயரைக் கத்திக்கொண்டு பக்கத்துப் பிள்ளையின் வாயில் போடும். "கண்டாக்கு!" லபக். "தொர!" லபக். பேச்சு வராத பிள்ளைகள்கூடப் பேசக் கற்றன. ஒரு பிள்ளைக்கு முதலில் வந்த வார்த்தை 'அம்மா' இல்லை, 'கண்டாக்கு'. அதன் அம்மா என்னிடம் சண்டைக்கு வந்தாள்.

இது வெளியே தெரிந்தால் என் வேலை போகும் என்பது எனக்குத் தெரியாமலில்லை. அதனால்தான் துரைசாணி வந்த அன்றைக்கு உருண்டையும் பிடிக்கவில்லை, பெயரும் சொல்லவில்லை. கரண்டியால் ஊட்டப் பார்த்தேன். பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டதற்கு அதுதான் காரணம் என்று நினைத்தேன்.

குப்புவின் ஏப்பம் வேறு கதை சொல்லியது.

சுவரைப் பார்த்த பிள்ளை

குப்புவின் அம்மா பேச்சி, தோட்டத்து வரிசை வீடுகளில் ஏழாம் லயத்தில் இருந்தவள். என்னைவிட நான்கைந்து வயது இளையவள். குப்புவைப் பிள்ளைக்காம்பராவுக்குக் கொண்டுவந்த முதல் நாளே ஒரு நிபந்தனை போட்டாள்.

"எம் புள்ளைய செவுத்தப் பாத்து ஒக்கார வச்சு ஊட்டுங்கக்கா. அவ திங்கிறத ஒருத்தரும் பாக்கக் கூடாது. நீங்களுந்தான்."

குப்புவுக்கு மூத்தவன் ஒருவன் இருந்தான். கொழுகொழுவென்று இருப்பானாம். கோயில் திருவிழாவில் எல்லார் முன்னாலும் வடையை வாங்கி வாங்கித் தின்றான். "அடி யாத்தே, என்னமாத் திங்கிறான்" என்று நாலு பேர் மூக்கில் விரல் வைத்தார்கள். அந்த வாரமே காய்ச்சல் கண்டு போய்விட்டான். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று பேச்சிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குப்பு பிறந்ததும் குப்பைமேட்டில் போட்டு எடுத்து, குப்பம்மா என்று பெயர் வைத்தாள். யாரும் ஆசைப்படாத பெயர்.

ஆகவே எனக்குக் குப்புவின் சாப்பாடு என்றால் ஒரு சின்ன முதுகும், மெல்லும்போது அசைகிற இரண்டு காதுகளும்தான். அவள் முறை வரும்போது பக்கத்துப் பிள்ளை எட்டி அவள் வாயில் உருண்டையைப் போடும். அவளும் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி ஓர் உருண்டையை வாங்கி, கிடைத்த வாயில் அடைப்பாள். துரைசாணி வந்த அன்று கண்டாக்கையாதான் அவளைத் தோளைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பி வைத்தார்.

மாலையில் பேச்சி பிள்ளையை எடுக்க வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"விடியக்காலையில என்னத்தடி குடுத்தே?"

"ரொட்டி."

"எத்தனை?"

அவள் விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினாள். அவள் மட்டுமில்லை, எல்லா அம்மாமாரும் சேர்ந்து செய்த வேலை. பூனைக் கண்ணோடு ஒரு வெள்ளைக்காரம்மா வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிள்ளைகள் தின்பதை வேலை மெனக்கெட்டுப் பார்க்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் லயமே நடுங்கிப்போயிருக்கிறது. விடியலில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகுமுன் பிள்ளைகளுக்கு வயிறு முட்ட ரொட்டியைக் கொடுத்து, "தொரசாணி முன்னுக்கு வாயத் தொறந்தே, தொலைச்சிருவேன்" என்று மிரட்டியும் அனுப்பியிருக்கிறார்கள்.

"அடி பாவி, சோறே நின்னு போச்சுன்னா? டாக்டரய்யா சொன்னது மறந்து போச்சா? மழைக்கு முந்தி இவ ஒடம்பு தேறணும்."

"நின்னா நிக்கட்டும்கா." பேச்சி குப்புவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "சோறில்லாட்டி மெலிவா, அவ்வளவுதானே? மெலிஞ்ச புள்ளைய நான் வச்சிக்கிருவேன். கொழுத்தவனத்தானே குடுத்துட்டேன்."

அதுவரை எனக்கு அவள்மேல் கோபம்தான் இருந்தது. அதற்குப் பிறகு கோபப்பட முடியவில்லை. இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து ஒரு சாயம் குடித்தோம்.

போகும்போது அவளே சொன்னாள்: "ஒரு வழி இருக்குக்கா. திங்கிறதப் பாத்தவங்க அதுல ஒரு வாய் தின்னுட்டா கண்ணு படாதுன்னு எல்லாருக்குந் தெரியுமே. மொதல்ல தொரசாணி ஒரு வாய் திங்கட்டும். பொறகு எம் புள்ள திங்கட்டும். நான் எல்லாருக்கிட்டயும் பேசுறேன்."

பூனைக்கு மணி

துரைசாணி வாயில் ஒரு உருண்டை. கேட்க லேசாகத்தான் இருக்கிறது. பூனைக்கு யார் மணி கட்டுவது?

டாக்டரய்யாவிடம் போனேன். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த மருந்துப் போத்தலை மேசையில் வைத்துவிட்டார்.

"துரைசாணியிட்டைப் போய், இந்தாங்கோ லயத்துச் சோறு, வாயைத் திறவுங்கோ எண்டு நான் சொல்லுறதோ? என்னை அடுத்த ரயிலிலை ஏத்தி விட்டிடுவினம்."

"நான் சொன்னா மலைக்கு அனுப்பிருவாங்க. நொண்டிக்கிட்டுக் கூடை தூக்கணும்."

அவர் எழுந்தார். உள்ளே போய், பூப்போட்ட பீங்கான் கோப்பை ஒன்றும் வெள்ளிக் கரண்டி ஒன்றும் எடுத்துவந்து கொடுத்தார். அவருடைய கல்யாணச் சீராக இருக்க வேண்டும். "என்னைக் கேட்டால் இது எங்கடை வீட்டுக் கோப்பையெண்டு எனக்குத் தெரியாது" என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தது. பெயர் சொல்லாவிட்டாலும் உருண்டையாவது இருக்கட்டும் என்று மூன்று நிறத்திலும் பிடித்துத் தட்டில் அடுக்கினேன். காரமில்லாமல், கல்லில்லாமல், பார்த்துப் பார்த்துச் செய்தேன். மத்தியானக் கொழுந்து நிறுத்துவிட்டு அம்மாமார் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். வந்தவள் வந்தவள் தன் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்து, முந்தானையால் அதன் வாயை மூடிக்கொண்டாள். பேச்சி மட்டும் வரவில்லை. நிறுவை வரிசையில் கடைசியில் நிற்கிறாள் என்றார்கள். குப்பு தன் இடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

கார் வந்தது. துரைசாணி, பின்னால் கண்டாக்கையா, அவருக்குப் பின்னால் முடிந்தவரை மறைந்துகொண்டு டாக்டரய்யா.

துரைசாணி நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தார். இருபது முந்தானை, இருபது ஜோடிக் கண்கள். நான் பீங்கான் கோப்பையில் ஓர் உருண்டையை வைத்து, வெள்ளிக் கரண்டியோடு நீட்டினேன்.

"அம்மா, ஒரு வாய் ருசி பாருங்க."

"வேணாம், வேணாம். நான் பங்களா போய் சாப்பிடுறது" என்றார் மரியாதையாக.

"ஒரே ஒரு வாய்ங்கம்மா..."

கண்டாக்கையாவின் பிரம்பு என் கோப்பைக்கும் துரைசாணிக்கும் நடுவில் வந்தது. "ராக்கு! ஒன் வேலயப் பாரு."

அவ்வளவுதான். அம்மாமார் முகங்கள் இறுகின. முந்தானைகளும் இறுகின. துரைசாணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சோறு நின்றது, குப்பு தேறமாட்டாள், மழை வரும் என்று எனக்குள்ளே வரிசையாக ஓடியது.

குப்புவுக்கு இந்த நியாயமெல்லாம் தெரியாது. அன்றைக்கு விடியற்காலையில் பேச்சி சொன்ன சொல்லைக் காப்பாற்றி ரொட்டி கொடுக்காமல் அனுப்பியிருந்தாள். பிள்ளைக்குப் பசி. கையைப் பின்னால் நீட்டி நீட்டிப் பார்த்தாள். உருண்டை வரவில்லை. கடைசியில் எழுந்து, திரும்பி, தத்தித் தத்தி நடந்துவந்து, என் தட்டிலிருந்து ஒரு சிவப்பு உருண்டையை எடுத்துக்கொண்டாள். யார் வாயில் போடுவது என்று சுற்றிப் பார்த்தாள். எல்லா வாயும் முந்தானைக்குள்.

துரைசாணி முகம் மலர்ந்து, குனிந்து, "ஒன் பேர் என்..." என்று வாயைத் திறந்தார்.

"தொர!" என்று கத்திக்கொண்டே குப்பு உருண்டையை உள்ளே தள்ளிவிட்டாள்.

தின்றார்கள்

அந்த அறையில் ஒரு தொட்டில்கூட ஆடவில்லை.

கண்டாக்கையாவின் பிரம்பு அந்தரத்தில் நின்றது. டாக்டரய்யா கண்ணை மூடிக்கொண்டார். துரைசாணிக்குக் கன்னம் உப்பியிருந்தது. துப்பலாம், ஆனால் அவ்வளவு பேர் பார்க்கும்போது எப்படித் துப்புவது? மென்றார். மெதுவாக மென்றார். விழுங்கினார். உதட்டோரம் பீட்ரூட் சாயம் வழிந்தது.

"இந்தப் புள்ள என்ன சொன்னது?"

நான் கண்டாக்கையாவைப் பார்த்தேன். மறைத்து என்ன ஆகப் போகிறது? எப்படியும் மலைதான். சொல்லிவிட்டே போவோம் என்று தோன்றியது.

"தொரைன்னு சொல்லுச்சுங்க. சிவப்பு உருண்ட பெரிய தொரைங்க. மஞ்ச உருண்ட கணக்கப்புள்ள. பேரு வச்சாத்தான் புள்ளைங்க திங்குது. மொதல்ல கணக்கப்புள்ளயத் தின்னணும், பொறகு... மத்தவரு, அதுக்குப் பொறகுதான் தொரை. இது சட்டத்த மீறி ஒங்களுக்கு நேரா தொரையவே குடுத்துருச்சுங்க."

துரைசாணி என்னை உற்றுப் பார்த்தார். பூனைக் கண் அகலமாக விரிந்தது. "மத்தவரு யாரு?"

நான் சொல்லத் தேவை இருக்கவில்லை. குப்பு அதற்குள் பச்சை உருண்டையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"கண்டாக்கு!"

துரைசாணி திரும்பிக் கண்டாக்கையாவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மேசோடு, கால்சட்டை, மீசை. பிறகு குனிந்து, வாயை நன்றாக, ஒரு பிள்ளையைப்போலத் திறந்தார். குப்பு கண்டாக்கையாவை உள்ளே போட்டாள்.

"தொரைக்கு உப்பு கம்மி," என்றார் துரைசாணி மென்றுகொண்டே. "கண்டாக்கையா கொஞ்சம் கசப்பு." அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

ஒரு முந்தானை விலகியது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாம். நான் கையில் பெயரில்லாமல் வைத்திருந்த உருண்டைகளுக்குப் பிள்ளைகளே பெயர் சொல்லிப் பறித்தன. "கணக்குப்புள்ள!" "கண்டாக்கு!" "எனக்குத் தொர!" ஒருத்தர் வாயில் ஒருத்தர் அடைத்து, தட்டு காலியாகி, சட்டியைச் சுரண்ட வேண்டியதாயிற்று. கண்டாக்கையா அத்தனை நேரமும் நின்று, தன்னை இருபது பிள்ளைகள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். துரைசாணி போகாமல் அவர் போக முடியாது. அதுவும் தோட்டத்துச் சட்டம்தான்.

டாக்டரய்யா மட்டும் என் காதருகே குனிந்து கேட்டார்: "மூண்டு நிறமும் உள்ளை போட்டுதோ?"

சோறு நிற்கவில்லை. அதற்கு மேலும் ஒன்று நடந்தது. பங்களாக் கோழிகளின் முட்டை பிள்ளைக்காம்பராவுக்கு வர ஆரம்பித்தது. அந்த உருண்டையின் பெயரை நான் துரைசாணியிடம் கடைசிவரை சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு தடவை அவரைத் தின்றோம்.

என்னை மலைக்கும் அனுப்பவில்லை. கண்டாக்கையாவுக்கு ஆசை இருந்திருக்கும். ஆனால் அவர் எங்கள் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். வந்தால், வாசலில் விளையாடுகிற பிள்ளைகள் அவரைக் கண்டதும் வரிசையாக வாயைத் திறந்து காட்டும். பாவம், தேயிலை ஸ்டோருக்குப் போக மேல்பாதையால் சுற்றிப் போவார்.

திருப்பி வைத்தவள்

அந்த வெள்ளிக்கிழமைக்குத் திரும்பி வருகிறேன்.

கார் போன பிறகுதான் பேச்சி வந்தாள். தலையில் கூடைக் கயிறு அப்படியே இருந்தது, மேலெல்லாம் மழை ஈரம். வழியில் காரைக் கண்டிருக்கிறாள். வாசற்படியில் நின்று மூச்சு வாங்கினாள். உள்ளே வரத் துணிவில்லை.

"தின்னாங்களாக்கா?"

"ரெண்டு பேரத் தின்னாங்கடி. தொரையையும் கண்டாக்கையாவையும். ஒன் மவதான் ஊட்டுனா."

பேச்சி நம்பவில்லை. மற்ற அம்மாமார் எல்லாரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஒருத்தி துரைசாணி மென்றதைச் செய்தே காட்டினாள். பேச்சி சிரித்தாளா அழுதாளா என்று சொல்லத் தெரியவில்லை. மழைத் தண்ணீர் வேறு முகத்தில் வழிந்துகொண்டிருந்தது.

குப்பு அதற்குள் தன் இடத்துக்குப் போய், பழக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். கையில் ஓர் உருண்டை மிச்சமிருந்தது.

பேச்சி கூடையை இறக்கி வைத்தாள். போய்க் குப்புவின் பின்னால் உட்கார்ந்தாள். சற்று நேரம் அந்த முதுகையே பார்த்தாள். பிறகு இரண்டு தோளையும் பிடித்து, மெல்ல, பிள்ளையை எங்கள் பக்கம் திருப்பி வைத்தாள்.

"பாருங்கக்கா," என்றாள். "நல்லாப் பாருங்க."

குப்பு உருண்டையை வாயில் போட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு மென்றாள். அவள் சாப்பிடும்போது கன்னத்தில் குழி விழும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.